விருந்தாளியின் பணம்

மார்கழி பிறந்துவிட்டால் திருச்சிச் சீமையின் இரவுகளுக்கு உறக்கம் குறைந்துவிடுகிறது. திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்கும் குடும்பங்கள் பரமபத சோபன படத்தை விரித்துத் தாயம் உருட்டுகின்றன. ஏணியில் ஏறியும் பாம்பில் இறங்கியும் பொழுதைப் புலரச் செய்கின்றன. நம் பங்கு மக்களோ குடில் கட்டி, நட்சத்திரம் ஏற்றி, நள்ளிரவுத் திருப்பலி முடிந்த பின்னும் வீடு திரும்ப மனமின்றிக் கோயில் முற்றத்திலேயே நின்று பேசிக்கொண்டிருக்கின்றனர். விழித்திருக்கும் இரவுக்கு ஒரு விளையாட்டு வேண்டும் என்பதில் இம்மண்ணில் இரு கருத்து இருந்ததில்லை. பழைய கோயில் மண்டபங்களின் கல்தரையில் ஆடுபுலி ஆட்டத்துக்கும் தாயத்துக்கும் கட்டங்கள் கீறப்பட்டிருப்பதைக் கண்டவர்கள் இதை ஒப்புக்கொள்வர்.

2025 டிசம்பர் மூன்றாம் வாரத்தில், துறையூரைச் சேர்ந்த பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மாலைத் திருப்பலி முடிந்ததும் திருப்பண்ட அறை வாசலில் வந்து நின்றார். பெங்களூரில் கணினித் துறையில் பணிபுரியும் அவருடைய மகன் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு விடுப்பில் வந்திருந்தார். 27-ஆம் நாள் இரவு, பெருமாள்மலை தெரியும் தம் வீட்டு மாடியில், பள்ளிக்காலத் தோழர் எண்மரை அழைத்துப் போக்கர் என்னும் சீட்டாட்டப் போட்டி ஒன்றை நடத்த அவர் திட்டமிட்டிருந்தார். ஆளுக்கு 500 ரூபாய் நுழைவுத் தொகை. இரவு உணவு வீட்டுச் செலவு.

“சாமி, இது பாவமா, இல்லையா? ஒரே சொல்லில் சொல்லுங்கள். பாவம் என்றால் நிறுத்திவிடுகிறேன். இல்லை என்றால் வாயை மூடிக்கொள்கிறேன்.”

ஆசிரியரின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய நெருங்கிய உறவினர் ஒருவர் கைப்பேசியில் ரம்மி ஆடி, நகையில் தொடங்கி வீட்டுப் பத்திரம் வரை இழந்தவர். அத்தகைய இழப்புகளும் அவற்றை ஒட்டிய தற்கொலைகளும் தமிழகத்தை உலுக்கியதன் விளைவாகவே 2022-இல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் ஆளுநரின் இசைவைப் பெற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. “கைப்பேசியில் மூடிய கதவு இப்போது என் வீட்டு மாடியில் திறக்கிறது” என்றார் ஆசிரியர்.

ஒரே சொல்லில் விடை சொல்ல நமக்கு இயலவில்லை. மகனையும் அழைத்து வாருங்கள் என்றோம்.

மறுநாள் இருவரும் வந்தனர். மகன் பணிவுள்ளவர், எனினும் வழக்குக்கு ஆயத்தமாக வந்திருந்தார். ஆட்டத்தின் முறையை முதலில் விளக்கினார். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு. நடுவில் அனைவருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. இவற்றிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்த்துக் காட்டுபவருக்கோ, மற்றவரைப் பின்வாங்கச் செய்பவருக்கோ அந்தச் சுற்றின் பந்தயம் சேரும். போட்டியில் பணம் நேரடியாக மேசைக்கு வருவதில்லை. எல்லாரும் ஒரே தொகையைக் கட்டி ஒரே அளவு சில்லுகளைப் பெறுகின்றனர். சில்லு தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும். கடைசி வரை இருக்கும் ஓரிருவருக்குப் பரிசு. “500 ரூபாய்க்கு மேல் எவரும் இழக்க முடியாது. திரைப்படத்துக்குக் குடும்பத்தோடு போனால் இதைவிட அதிகம் ஆகிறது, சாமி.”

இதில் உண்மை உண்டு. நம் ஊர்த் திருமண வீடுகளில் முதல்நாள் இரவு ஜமுக்காளம் விரித்து ஆடும் பதின்மூன்று சீட்டு ரம்மியில் புள்ளிக்கு இவ்வளவு காசு என்று பேசி ஆடுவர். ஒரே ஆட்டத்தில் 80 புள்ளி வரை ஏறும். விடியும்போது யார் எவ்வளவு தோற்றிருப்பார் என்பது உட்காரும்போது எவருக்கும் தெரியாது. மூன்று சீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவற்றோடு ஒப்பிட்டால், இழப்புக்கு முன்கூட்டியே எல்லை கட்டியிருக்கும் இந்தப் போட்டி ஒழுங்கானதுதான். தோற்றவர் மீண்டும் பணம் கட்டி உள்ளே வரலாம் என்று விதி வைத்தால் அந்த எல்லை உடைந்துவிடும் என்பதை மட்டும் குறிப்பிட்டோம். அவ்விதி தங்களிடம் இல்லை என்றார்.

சட்டத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. செகந்திராபாத்தின் மனமகிழ் மன்றம் ஒன்றைப் பற்றிய வழக்கில் 1967-இல் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, மூன்று சீட்டோ வெறும் நற்பேற்றைச் சார்ந்தது என்று பிரித்துக் கூறியது. போக்கரைப் பற்றி நீதிமன்றங்களிடையே ஒருமித்த குரல் இல்லை: 2017-இல் குஜராத் உயர்நீதிமன்றம் அதைச் சூது என்றது, 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் நற்பேற்று ஆட்டங்களாகப் பட்டியலிட்ட தமிழகச் சட்டத்தின் அட்டவணையை நீக்கியது. திறமையா நற்பேறா என்னும் இந்த வாதத்தில் நமக்கு ஈடுபாடு குறைவு. திறமையால் ஏழையிடம் பிடுங்கினால் அது நீதியாகிவிடுமா? ஆனால் அதே 1967-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நம்மைச் சிந்திக்க வைக்கும் மற்றொரு கூறு உண்டு. மன்றம் சிறு கட்டணம் வாங்குவது குற்றமன்று. ஆனால் வீட்டுக்கு உரியவர் அந்த ஆட்டத்தால் ஆதாயம் அடைகிறார் என்று மெய்ப்பிக்கப்பட்டால் நிலை வேறு என்று நீதிமன்றம் சொல்லிவைத்தது. 1930-ஆம் ஆண்டின் நம் மாநிலச் சூதாட்டச் சட்டமும் சூதாட்ட விடுதி எது என வரையறுக்கையில் வீட்டுக்காரரின் ஆதாயத்தையே நோக்குகிறது. சீட்டைப் பற்றிப் பேசவந்த சட்டம் வீட்டுக்காரரை உற்றுப் பார்க்கிறது. அறநெறியும் அங்கேதான் பார்க்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

திருச்சபை இதில் என்ன சொல்கிறது? 1992-இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2413-ஆம் எண்ணில், பந்தயமும் நற்பேற்று ஆட்டங்களும் தம்மளவில் நீதிக்கு முரணானவை அல்ல என்கிறது. ஒருவருடைய, அல்லது அவரைச் சார்ந்தோருடைய வாழ்வுக்குத் தேவையானதை அவை பறிக்கும்போதே ஏற்கத் தகாதவை ஆகின்றன. ஆட்டத்தின் மீதான வேட்கை அடிமைத்தனமாகும் ஆபத்தும் உண்டு என்று எச்சரிக்கிறது. தூய பிரான்சிஸ் சலேசியார் இதைவிடக் கடுமையானவர்; பக்தி வாழ்வைப் பற்றிய தம் நூலில் சீட்டையும் பகடையையும் தடுக்கப்பட்ட ஆட்டங்களோடு சேர்த்துவிட்டார். சூதில் இளைப்பாறுதலே இல்லை, பதற்றந்தான் இருக்கிறது என்பது அவர் குறை. ஆசிரியருக்கு சலேசியாரைப் பிடித்துப்போயிற்று. மகனுக்கு மறைக்கல்வி நூலைப் பிடித்துப்போயிற்று.

குருமடத்தில் அறநெறி இறையியல் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த பழைய அளவுகோலை அப்போது எடுத்துவைத்தோம். பந்தயப் பணம் ஆடுபவருக்கே உரியதாக இருக்க வேண்டும், வற்புறுத்தலின்றி ஆட வேண்டும், வஞ்சகம் கூடாது, ஆடுவோர் ஏறத்தாழச் சமநிலையில் இருக்க வேண்டும். மகன் நான்கையும் விரல்விட்டு எண்ணினார். எல்லாரும் சம்பாதிப்பவர்கள், எவரையும் இழுத்து வரவில்லை, ஏமாற்று வேலை கிடையாது, எல்லாருக்கும் ஒரே அளவு சில்லு. இடையே ஆசிரியர், கையில் ஒன்றும் இல்லாதவன் இருப்பதுபோல் காட்டி மிரட்டுவது பொய்தானே என்று கேட்டார். ஒளித்தாடுவது விதி என்று அனைவரும் ஏற்றுக்கொண்டே உட்காரும் இடத்தில் அதைப் பொய் என்பது, சடுகுடு ஆடுபவர் இடப்பக்கம் பாய்வதுபோல் காட்டி வலப்பக்கம் பாய்வதைப் பொய் என்பதைப் போன்றதாகும் என்றோம்.

மகன் வென்றுவிட்டதாகவே தோன்றியது. அப்போது நாம் கேட்டது ஒன்றே: “வருகிறவர்கள் யார் யார்?”

மூவர் பெங்களூரிலும் சென்னையிலும் கணினித் துறையில் இருப்பவர்கள். ஒருவர் வங்கி ஊழியர். ஒருவருக்குச் சொந்தமாக அரிசி ஆலை. இருவர் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். எட்டாமவர் துறையூர்ப் பேருந்து நிலையத்தருகே ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். வண்டி சொந்தமன்று, நாள் வாடகை.

“அவன்தான், சாமி, எனக்கு எல்லாரையும்விட நெருக்கம்” என்றார் மகன். “அவனுக்கும் 500 ரூபாய் கொடுக்க முடியும். கேட்டால் மகிழ்ச்சியாகத் தருவான்.”

தருவார். அதில் நமக்கும் ஐயமில்லை.

இவ்விடத்தில் நம் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1999-ஆம் ஆண்டு. குருப்பட்டம் பெற்று ஓரிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம்; காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். விழா முடிந்த இரவு, கோயில் பிள்ளை ஒருவர் வீட்டுத் திண்ணையில் ரம்மி. புள்ளிக்கு 25 காசு. நாம் குருமடத்தில் காசில்லாமல் ஆடிப் பழகியவர்கள், நன்றாகவே ஆடுவோம். ஒரு கை குறைந்தது. கூட்டத்தில் நின்றிருந்த உபதேசியாரை, “வாருங்கள், உட்காருங்கள்” என்று அழைத்தவர்கள் நாம்தாம். அவர் ஒருகணம் தயங்கினார். சிரித்துக்கொண்டே வேட்டியை மடித்து உட்கார்ந்தார். அந்தத் தயக்கத்தைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டோம்.

விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தபோது அவர் 184 ரூபாய் தோற்றிருந்தார். பெரும்பகுதி நம்மிடம் வந்து சேர்ந்தது. அவருடைய மாத ஊதியம் 700 ரூபாய். அந்த ஊதியத்தை முடிவு செய்தவர்களும், நேராகச் சொன்னால், நம்மைப் போன்றவர்களே. இரண்டு நாள் கழித்து, ஊர்க் கடையில் அரிசிக்குக் கடன் சொல்லிக்கொண்டிருந்த அவர் மனைவியைத் தற்செயலாகக் கண்ட பிறகுதான் நமக்கு விளங்கியது. பணத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். அவர் வாங்க மறுத்துவிட்டார். “ஆட்டத்தில் தோற்றதைத் திருப்பி வாங்கினால் நாளைக்கு ஊரில் எப்படித் தலைகாட்டுவேன், சாமி?” என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்று மேலே சொன்ன அளவுகோல்கள் நான்கும் நிறைவேறியிருந்தன. பணம் அவருடையது; எவரும் அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை; சீட்டில் கள்ளம் இல்லை; பதின்மூன்று சீட்டும் அவருக்கும் கிடைத்தன. எனினும் அந்த ஆட்டம் நீதியானதன்று. “வாருங்கள், உட்காருங்கள்” என்று தம் பங்கின் குரு அழைக்கும்போது ஓர் உபதேசியார் எவ்வாறு மறுப்பார்?

தூய தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில், சூதில் வந்த பணத்தை அறச்செயலுக்குக் கொடுக்கலாமா என்று கேட்குமிடத்தில், எவற்றைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்று கூறுகிறார். சிறுவர், சித்தம் பிறழ்ந்தோர் ஆகியோரைப் போலத் தம் உடைமையைக் கைவிட உரிமையற்றவர்களிடம் வென்றதும், வஞ்சித்து வென்றதும் அவற்றில் அடங்கும். இவ்விரண்டோடு, பொருளாசையால் பிறரை ஆட்டத்துக்கு இழுத்து வென்றதையும் சேர்க்கிறார். நமக்கு அன்று பொருளாசை இல்லை. ஆட்டத்துக்கு ஆள் வேண்டும் என்ற ஆசைதான். இந்த வேறுபாட்டில் பல ஆண்டுகள் ஆறுதல் தேடியிருக்கிறோம். முழுமையான ஆறுதல் கிடைத்ததில்லை.

அழைப்பின் வலிமையை நம் மக்கள் அறியாதவர்கள் அல்லர். பாரதக் கதையில் சூது நடந்த இடம் தெருவோரச் சூதாட்டக் களம் அன்று. உறவினர் புதிதாகக் கட்டிய மண்டபம். தருமன் அங்கே போனது விருந்தாளியாக. அழைப்பை எடுத்துச் சென்ற விதுரனுக்கே அதில் விருப்பமில்லை. பெரியப்பன் அனுப்பிய அழைப்பைத் தள்ளத் தருமனுக்கும் துணிவில்லை. தருமனின் பலவீனத்தைப் பற்றி எவ்வளவோ பேசிவிட்டோம். விருந்துக்கு அழைத்துவிட்டுப் பகடையை எடுத்துவைத்தவர்களைப் பற்றிப் போதுமான அளவு பேசினோமா? விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமும் சூதுக்கு ஓர் அதிகாரமும் வகுத்த வள்ளுவர், இரண்டையும் வெகு தொலைவில் வைத்தார்; முன்னது இல்லறத்தில், பின்னது பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே.

விருந்தின் முறை ஒருதிசைப்பட்டது. வந்தவர் நிறைந்து போக வேண்டும். கொடுத்தவருக்குக் குறைய வேண்டும். பரிசேயர் தலைவர் ஒருவர் வீட்டு உணவு மேசையில் இயேசு இன்னும் ஒருபடி மேலே சென்று, திருப்பிச் செய்ய இயலாதவர்களையே விருந்துக்கு அழையுங்கள் என்றார். பந்தயமோ எதிர்த்திசையில் ஓடுவது. வந்தவர் குறைந்து போகக்கூடும், அதுவும் அழைத்தவர் கையாலேயே. ஒரே கூரையின் கீழ் இரண்டையும் நடத்துகிறவர், தம் விருந்தாளி எதைக் கொண்டுவந்தார், எதை இழந்து போகிறார் என்று பார்க்கக் கடமைப்பட்டவர். “எல்லாருக்கும் ஒரே தொகை” என்பது சீட்டாட்டத்தின் சமத்துவம். 500 ரூபாய் ஒருவருக்கு ஒரு வேளைச் சிற்றுண்டி. மற்றொருவருக்கு வண்டி வாடகை போக ஒரு நாள் உழைப்பு. மேசையில் பந்தயத் தொகையை முடிவு செய்ய வேண்டியவர் அங்கே மிகக் குறைவாக உள்ளவர். அவரோ வாய் திறக்க மாட்டார். ஆகவே அழைத்தவரே அறிந்து, அவர் பேசத் தேவையில்லாதபடி, தொகையை வைக்க வேண்டும்.

இதைச் சொன்னபோது மகன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு இரண்டு கேள்விகள் கேட்டார். இரண்டும் நல்ல கேள்விகள்.

“அப்படியானால் அவனை மட்டும் அழைக்காமல் விட்டுவிடலாமா?”

அது எல்லாவற்றிலும் கொடியது என்றோம். ஏழ்மையின் காரணமாக ஒருவரை நட்பிலிருந்து நீக்கிவிட்டு, அவருடைய பணத்தைக் காத்துவிட்டோம் என்று பெருமைப்பட முடியாது.

“அவனுக்காகத் தொகையைக் குறைத்தேன் என்று தெரிந்தால் அவன் மனம் நோகாதா? அவன் பணத்தை என்ன செய்வது என்று அவன்தானே முடிவு செய்ய வேண்டும்? நான் யார்?”

இதற்கு நம்மிடம் முழுமையான விடை இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வளர்ந்த மனிதர் ஒருவருடைய தேவையை அவருக்காக நாமே கணக்கிடுவதில் ஒருவகை அவமதிப்பு உண்டு. உபதேசியார் நம் பணத்தை மறுத்ததும் அதனால்தான். எனினும் காரணம் சொல்லாமலே தொகையைக் குறைக்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. சாப்பாட்டில் உப்பைக் குறைக்க எவரிடமும் காரணம் சொல்கிறோமா? அத்துடன், வீட்டுக்காரர் வென்றால் அந்தப் பணம் அவர் பைக்குள் போகாமலிருப்பது நல்லது என்றும் சொன்னோம். இதைக் கட்டளையாகச் சொல்லவில்லை. தம்போலாச் சீட்டு விற்றுப் பங்கு விழாச் செலவைச் சரிக்கட்டியிருக்கும் நாம், அடுத்தவர் மாடிக்குக் கட்டளை இடும் நிலையில் இல்லை.

ஆசிரியரின் அச்சம் இன்னும் தீர்ந்திருக்கவில்லை. இன்று 500, நாளை? அவர் கேட்டது நியாயமே. தூய கமில்லுஸ் இளமையில் படைவீரராக இருந்தபோது எல்லாவற்றையும் சூதில் இழந்து, கேப்பூச்சின் துறவியரின் கட்டடப் பணியில் கூலியாளாக நின்றவர். 1575-இல் மனம் திரும்பி, பின்னர் நோயாளரின் பணிக்காகவே ஒரு துறவற சபையை நிறுவினார். அவரைப் போன்றவருக்குப் பத்து ரூபாய்ப் பந்தயமும் ஆபத்துதான். தம் மகன் அத்தகையவரா என்பதைத் தந்தை அறிவார், நாம் அறியோம். அதே வேளையில், அக்குவினார் விளையாட்டையும் ஒரு நற்பண்புக்குரிய பொருளாக எண்ணினார் என்பதை ஆசிரியருக்கு நினைவூட்டினோம். முதிய வயதில் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்த தூய யோவானைக் கண்டு சிலர் இடறல்பட்டனராம். எப்போதும் நாணேற்றியே வைத்திருந்தால் வில் முறிந்துவிடாதா என்று அவர் விளக்கினார் என்னும் பழைய கதையை அக்குவினாரே எடுத்துரைக்கிறார். பெங்களூரில் பதினொரு மாதம் திரையைப் பார்த்திருந்த இளைஞர்கள், ஓர் இரவு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்வது சிறிய நன்மை அன்று. இணையத்தில் ஆடியவர்கள் தங்களிடம் தோற்றவரின் முகத்தைக் கண்டதே இல்லை. மாடியில் ஆடுபவர் காண்பார். கண்ட பின் உறங்க வேண்டும்.

புத்தாண்டுத் திருப்பலிக்குப் பின் ஆசிரியரைச் சந்தித்தோம். தொகை 50 ரூபாய் ஆனதாம். சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர், இதற்கா இவ்வளவு ஏற்பாடு என்று கேலி செய்தாராம். மகன் ஒன்றும் சொல்லவில்லையாம். பத்தரை மணிக்குப் பிரியாணி. பதினொன்றரைக்கு ஆட்டம் முடிந்துவிட்டது. பேச்சுத்தான் இரண்டு மணி வரை ஓயவில்லை. தாமும் மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்ததாக ஆசிரியர் சற்றே வெட்கத்துடன் சொன்னார்.

ஆட்டோ ஓட்டும் நண்பர் மூன்றாவதாக வெளியேறினாராம். அதன் பிறகு கடைசி ஆட்டம் வரை எல்லாருக்கும் சீட்டைக் கலைத்துப் போட்டவர் அவரே.